அடையும் கூலியும்

விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் கண்டெடுக்கப்பட்ட ஒரு நடுகல்லில் செதுக்கப்பட்டிருப்பது வில்லேந்திய வீரன் அல்லன், ஒரு சேவல். ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முற்பட்ட அதன் எழுத்துகள், அது மேற்சேரியின் சார்பில் போரிட்ட கோழி என்று தெரிவிக்கின்றன. மதுராந்தகம் பக்கத்து இந்தளூரில் கிடைத்த இன்னொரு கல் கீழ்ச்சேரிக் கோழியின் நினைவாக எடுக்கப்பட்டது. போரில் மாண்ட மனிதனுக்குச் செய்யும் மரியாதையை ஊர் ஒரு பறவைக்கும் செய்திருக்கிறது. உறையூருக்குக் ‘கோழி’ என்ற பெயர் வந்ததே, யானையை எதிர்த்து வென்ற ஒரு சேவலால் என்பது மரபு. முருகனின் கொடியில் இருப்பதும் சேவல். கரூர் மாவட்டம் பூலாம்வலசில் பொங்கலையொட்டி நடக்கும் சேவற்கட்டுக்கு இன்றும் பல மாவட்டங்களிலிருந்து ஆட்கள் கூடுகிறார்கள்.

இந்த வரிசையில் பெட்டைக்கோழி எங்கே என்று தேடினால் கிடைப்பது சொற்பம். ஆனால் கிடைக்கும் அந்தச் சொற்பமும் சுவையானது. தொல்காப்பிய மரபியல், பெண்பாற் பெயர்களை வகுக்கும்போது கோழிக்கும் கூகைக்கும் மயிலுக்கும் மட்டுமே உரியதாக ஒரு சொல்லை ஒதுக்கி வைக்கிறது: அளகு. மற்றப் பறவைகளின் பெண்ணை அப்படிச் சொல்வது மரபாகாது. அத்தனை தனித்த அடையாளம் பெற்றிருந்த சொல் பேச்சிலிருந்து மறைந்து நிகண்டுக்குள் ஒதுங்கிவிட்டது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வத்தைச் சொல்லும் இடத்தில் கோழி வருகிறது. உலர்த்திய நெல்லைக் கொத்த வந்த கோழியைப் பெண்கள் தம் காதின் பொற்குழையைக் கழற்றி எறிந்து விரட்டுகிறார்கள். அங்கே பேச்சு நகரத்தின் வளத்தைப் பற்றியது. கோழி நெல் திருட வந்த ஒன்று, அவ்வளவுதான்.

அடைகாத்துக் குஞ்சு பொரித்து வளர்ப்பது தினமும் எல்லா வீட்டிலும் நடந்த வேலை. தினமும் நடப்பதை யாரும் கல்லில் வெட்டி வைப்பதில்லை. அந்த வேலைக்கு ஒரு விலை உண்டு என்பது நம் காலத்தில், அதிலும் குறிப்பாகப் பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரத்தில்தான் கணக்கில் ஏறியது. அதைக் கோழியிடமிருந்து பிரித்தெடுத்த பிறகே ஏறியது என்பதுதான் இதிலுள்ள விசித்திரம்.

*

முதலில் அந்த வேலை என்ன என்று பார்த்துவிடலாம்.

ஒரு பருவத்தில் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் நாட்டுக்கோழியின் போக்கு மாறும். தொண்டைக்குள் ‘குர்க், குர்க்’ என்று ஓர் ஒலி எழும்பும். இரையில் நாட்டம் குறையும். முட்டையிட்ட மூலையை விட்டு நகராது. கை வைத்தால் இறகைச் சிலிர்த்துக் கொத்த வரும். அடைக்கு வந்துவிட்டது என்பார்கள். தெற்கிலும் மேற்கிலும் சில ஊர்களில் அதற்கு ‘அவயம்’ என்று பெயர். இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருப்பது புரோலாக்டின் என்னும் சுரப்பு என்பதை ஆஸ்கர் ரிடிலும் அவருடைய சகாக்களும் 1935இல் காட்டினார்கள். பாலூட்டிகளில் பால் சுரக்கச் செய்யும் அதே சுரப்பு கோழியை முட்டைமேல் உட்கார வைக்கிறது.

மூங்கில் கூடையில் மணலோ வைக்கோலோ பரப்பி, தண்ணீரில் போட்டு மிதக்காத முட்டைகளாகப் பொறுக்கி, பத்துப் பன்னிரண்டு வைப்பார்கள். கூடவே ஓர் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய். இடி இடித்தால் கரு கலங்கும், அதை இரும்பு வாங்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. அதன் பிறகு எல்லாம் கோழியின் பொறுப்பு. வயிற்றுப்புறத்து இறகு உதிர்ந்து, வெறும் தோல் முட்டையைத் தொடும். ஒரு நாளில் பலமுறை அலகால் முட்டைகளைப் புரட்டி, ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் மாற்றும். புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்புறச் சவ்வில் ஒட்டிக்கொண்டு சாகும். நாளுக்கு ஒரு முறை எழுந்து தின்று, குடித்து, எச்சமிட்டு, மண்ணில் புரண்டுவிட்டு, முட்டை ஆறுவதற்குள் திரும்பிவிடும். 21ஆம் நாள் குஞ்சு வெளிவரும். அதற்கு முன்பே ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு கீச்சிடுவதும் தாய் மெல்லக் குரல் கொடுப்பதும் கேட்கும்.

எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் பொரிவதில்லை. முதற்குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் இடையில் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதற்காகவே இயற்கை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. மிஞ்சிய மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் குஞ்சு வெளியே வருகிறது. இரண்டு மூன்று நாள் அதற்குத் தீனி வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். முந்திப் பிறந்தது பசியால் வாடாது. பிந்தியதைக் கைவிட்டுத் தாயும் எழ வேண்டியதில்லை. இந்தச் சிறு ஏற்பாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஒரு பெருந்தொழில் இதன்மேல்தான் எழும்பியது.

பிறகு வளர்ப்பு. இரை கண்டால் ஒரு குரல், பருந்து நிழல் விழுந்தால் ஒரு குரல், தரையில் கீரி வந்தால் வேறொரு குரல். பிறந்த குஞ்சு முதலில் கண்ட அசையும் பொருளின் பின்னால் செல்லும் என்பதை டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர் 1873இல் கோழிக்குஞ்சுகளைக் கொண்டே விளக்கியிருந்தார். கொன்ராட் லோரன்ஸ் வாத்துகளை வைத்துப் புகழ்பெற்றது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து. ‘கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா’ என்று பழமொழி சொன்னவர்களுக்கு இந்த ஆய்வுகள் தெரியாது. பார்த்ததைச் சொன்னார்கள். குஞ்சுகள் தாமாகப் பொறுக்கத் தொடங்கி இரண்டு மூன்று மாதம் ஆனதும், அதே தாய் அவற்றைக் கொத்தி விரட்டிவிட்டு மறுபடி முட்டைக்குத் தயாராகும்.

*

இந்த வேலையில் பெயர் பெற்றவை சிறிய உடற்கட்டுள்ள கோழிகள். தமிழகத்தில் நாட்டுக்கோழியைப் பெருவிடை, சிறுவிடை என்று பிரிப்பார்கள். பெருவிடை உயரமானது, அசில் வகையைச் சேர்ந்தது, சண்டைக்கு விடுவது. சிறுவிடை குள்ளமானது, அடைக்கும் குஞ்சு வளர்ப்புக்கும் உகந்தது. ஐரோப்பாவில் இதே இடத்தில் இருப்பது பேன்டம் கோழி. அங்கே பெரிய இனங்களின் முட்டையையும் காட்டுப் பறவைகளின் முட்டையையும் பேன்டத்தின் அடியில் வைத்துப் பொரிக்கும் வழக்கம் உண்டு.

பேன்டம் என்பது ஜாவாத் தீவின் பான்டன் துறைமுகத்தின் பெயர். ஐரோப்பிய மாலுமிகள் அங்கே வாங்கிய சிறு கோழிகளால் அந்தப் பெயர் நிலைத்தது. பான்டனுக்கு அவர்கள் போனது மிளகுக்காக. மிளகுக்கு மாற்றாகக் கொடுத்த முக்கியச் சரக்கு சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. சென்னையில் கோட்டை எழுந்த ஆரம்ப ஆண்டுகளில் ஆங்கிலக் கம்பெனியின் சோழமண்டல வணிகம் பான்டனில் இருந்த தலைமைக்கே கட்டுப்பட்டிருந்தது. தமிழ்த் தறியில் நெய்த துணி போய் இறங்கிய துறைமுகத்தின் பெயரை ஓர் அடைக்கோழி சுமப்பது தற்செயல்தான். ஆனால் துணியும் கோழியும் பின்னர் கொங்கு நாட்டில் மறுபடி சந்தித்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

நொய்யலுக்குத் தெற்கே மழை குறைவு. ஆழக் கிணறும் மானாவாரிச் சோளமும் பருத்தியுமாக வாழ்ந்த சீமை. இங்கே கால்நடைக்குப் பெரிய பெயர் உண்டு. காங்கேயம் காளையின் இனத்தைப் பேணியவர் என்று பழையகோட்டைப் பட்டக்காரரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. கோழிக்கு அப்படி ஒரு புரவலர் அமையவில்லை. அது பெண்களின் கையிருப்பு. தீனிக்குத் தனிச் செலவில்லை: களத்துச் சிந்தல், குப்பைமேட்டுப் புழு. குஞ்சுகளுக்கென்று பழைய பானையில் காய்ந்த சாணமும் சாக்குத் துண்டும் நிரப்பி, தண்ணீர் தெளித்து, மண்மேல் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் கூடியிருக்கும். அவசரத்துக்கு ஒரு கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோனால் அந்தக் காசுக்கு வீட்டு ஆண்களிடம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோழி இல்லாதவள், இருப்பவளிடம் வாரத்துக்கு வாங்கி வளர்ப்பாள். குஞ்சில் பாதி அவளுக்கு. ஒரு பெட்டைக்கோழி கிடைத்தால் போதும், அடுத்த ஆண்டு ஒரு மந்தை. வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் அத்தனையும் போகும் என்பதும் உண்மை. ஆனால் அக்கம்பக்கத்தில் ஓர் அடைக்கோழி தப்பியிருந்தால் மறுபடி தொடங்கலாம்.

*

அடைக்கு மாற்றுத் தேடும் முயற்சி மிகப் பழையது. எகிப்தியர் செங்கற் சூளை போன்ற அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்தார்கள். வெப்பமானி இல்லாத காலத்தில் முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிச் சூட்டை அறிந்தார்கள். பிரெஞ்சு அறிவியலாளர் ரெயோமுர் 1749இல் இது குறித்து ஒரு நூலே எழுதினார். கலிபோர்னியாவின் பெடலூமாவில் 1879இல் லைமன் பைஸ் உருவாக்கிய பொரிப்பான் இதைப் பெருந்தொழிலாக்கியது. 1918இல் அமெரிக்க அஞ்சல்துறை ஒரு நாள் வயதுக் குஞ்சுகளைப் பார்சலில் ஏற்றுக்கொண்டது. அது சாத்தியமானது குஞ்சின் வயிற்றில் மிஞ்சியிருந்த மஞ்சள் கருவால். பின்தங்கிய உடன்பிறப்புக்காகத் தாய் காத்திருக்க வைத்த அந்த இரண்டு மூன்று நாள், சரக்கு ரயிலில் போகும் நாளாக மாறியது.

முட்டை, பொரிப்பு, வளர்ப்பு மூன்றும் மூன்று இடத்துக்குப் பிரிந்ததும், அடை என்பது தொழிலுக்கு வேண்டாத குணமாயிற்று. அடையிலும் குஞ்சு வளர்ப்பிலுமாகச் சில மாதங்கள் கோழி முட்டையிடுவதில்லை, அத்தனையும் நட்டம். அடைக்கு வராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். வெள்ளை லெகார்ன் ஆண்டு முழுதும் முட்டையிடுகிறது. அடைக்கு உட்காருவது அபூர்வம். கிராமத்தில் அடையைத் தெளிய வைக்கக் கோழியைத் தண்ணீரில் முக்குவார்கள், சில ஊர்களில் மூக்குத் துளையில் இறகைச் செருகுவார்கள். அது ஒரு தடவைக்கு. தேர்ந்தெடுப்பு அதை வம்சத்திலிருந்தே நீக்கிவிட்டது.

நீக்கியவர்கள் எதை வைத்துக்கொண்டார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. 1948இல் அமெரிக்காவில் ‘நாளைய கோழி’ என்ற பெயரில் நடந்த போட்டியில் வென்றது கார்னிஷ் கலப்பினம். இன்றைய கறிக்கோழியின் அகன்ற நெஞ்சு கார்னிஷ் வழி வந்தது. கார்னிஷின் பழைய பெயர் ‘இந்தியன் கேம்’. இந்திய அசில் சண்டைச் சேவல்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்க் கலந்து உண்டாக்கியது. வீட்டுக்கோழியின் தோலின் மஞ்சள் நிறமோ, தென்னிந்தியக் காடுகளில் திரியும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்த மரபணுவால் என்று 2008இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அந்தக் காட்டுக்கோழி உடுமலைக்குத் தெற்கே ஆனைமலை, அமராவதிக் காடுகளில் இன்றும் கூவுகிறது. சண்டைச் சேவலின் தசையும் காட்டுக்கோழியின் நிறமும் உலகைச் சுற்றி, பல்லடத்துக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தன. வராமற்போனது அடை மட்டும்.

*

இந்தியாவில் இந்தத் தொழிலுக்கு அடித்தளமிட்டது 1971இல் பி.வி.ராவ் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸ். நாமக்கல் முட்டைக்குப் பெயர் பெற்றது. பல்லடம் வட்டாரம் கறிக்கோழிக்கு. உடுமலைப்பேட்டையில் 1980களில் இரு சகோதரர்கள் தொடங்கிய சுகுணா நிறுவனம், 1990களின் தொடக்கத்தில் ஒப்பந்த வளர்ப்பு முறையைப் பரப்பியது. நிறுவனம் ஒரு நாள் குஞ்சையும் தீவனத்தையும் மருந்தையும் கொடுக்கும். விவசாயி கொட்டகையும் மின்சாரமும் உழைப்பும் கொடுப்பார். தேங்காய் நார்க்கழிவு பரப்பிய தரையில், முதல் வாரம் விளக்குச் சூட்டில், ஏறத்தாழ 40 நாளில் 2 கிலோவுக்கு வளர்ந்ததும் நிறுவனமே எடுத்துக்கொள்ளும். விவசாயிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி.

இந்த முறை வேறெங்கும் இல்லாத வேகத்தில் இங்கே வேரூன்றியதற்குக் கிணறு வற்றியதையும் சந்தை விலையின் ஏற்ற இறக்கத்தையும் காரணமாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் இன்னொன்றும் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது: இந்த வட்டாரத்துக்கு இந்த ஏற்பாடு புதிதே அல்ல. பல்லடத்திலும் சோமனூரிலும் விசைத்தறிக்காரர் பெரும்பாலும் சொந்த நூலில் நெய்வதில்லை. வியாபாரி பாவும் ஊடை நூலும் கொடுப்பார், தறிக்காரர் நெய்து கொடுத்து மீட்டர் கணக்கில் கூலி பெறுவார். திருப்பூரில் ஒரு பனியன் உருவாகப் பின்னல், சாயம், பிரிண்டிங், தையல், செக்கிங் என்று ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு கூரையின் கீழ் ‘ஜாப் ஒர்க்’காக நடக்கிறது. ஒரு வேலையைத் துண்டு துண்டாக்கி, துண்டுக்குக் கூலி நிர்ணயித்து, பொருளின் உரிமையை மட்டும் கைவிடாமல் வைத்திருக்கும் கலை இந்த மண்ணுக்கு நன்றாகத் தெரியும். தறியில் பழகிய அந்தக் கணக்கை இங்கே ஓர் உயிரின் மீது வைத்துப் பார்த்தார்கள், பொருந்தியது.

அப்படிப் பார்த்தால் இன்றைய குஞ்சுக்குத் தாய் யார்? முட்டையிடும் கோழிகள் இருக்குமிடத்துக்குத் ‘தாய்க்கோழிப் பண்ணை’ என்று பெயர்; அங்குள்ள எந்தக் கோழியும் தன் குஞ்சைக் கண்டதில்லை. முட்டை பொரிப்பகத்துக்குப் போகும். அங்கே 18 நாள் ஓர் எந்திரத்தில் 37.5 பாகை அளவு சூட்டில், மணிக்கொரு முறை புரட்டப்பட்டு, கடைசி 3 நாள் வேறோர் எந்திரத்தில் பொரியும். வெளிவந்த குஞ்சு அன்றே வண்டியேறும். பிறகு அதைக் காப்பது கொட்டகையில் விடிய விடிய விளக்கையும் படுதாவையும் கவனித்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம். பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். மழைக்காலத்தில் நார்க்கழிவைக் கிளறிவிடுவதும் கோடையில் தண்ணீர் தெளிப்பதும் அவள்தான். கோழி இலவசமாகச் செய்த வேலைக்கு இப்போது கூலி உண்டு. அந்தக் கூலி போதாது என்று பண்ணையாளர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். 2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிக்காரர்கள் வாரக்கணக்கில் தறியை நிறுத்தியதும் கூலிக்காகத்தான். கறிக்கோழியின் கொள்முதல் விலையைப் பல்லடத்தில் ஒரு குழு அறிவிக்கிறது, மறுநாள் நாளிதழில் வருகிறது. வளர்ப்பவரின் கூலி அந்த விலையோடு சேர்ந்து ஏறுவதில்லை.

ஒப்பந்த முறையைக் கண்மூடி நம்பியதன் விலையையும் இந்தப் பகுதி கண்டது. பெருந்துறையை மையமாகக் கொண்டு பரவிய ஈமு வளர்ப்பு 2012இல் குலைந்தபோது, வைப்புத்தொகை கட்டியவர்களின் கையில் மிஞ்சியது தீனியில்லாப் பறவைகள். கறிக்கோழிக்கு உண்ணும் வாய்கள் இருந்தன, அதனால் நிலைத்தது.

*

கறிக்கோழி செய்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது. திருவிழாவுக்கு மட்டும் கிடைத்த கறி, பனியன் கம்பெனித் தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டியது. காய்ந்த தோட்டத்தை விற்காமல் ஊரிலேயே இருக்கப் பல குடும்பங்களுக்கு அந்தக் கொட்டகை உதவியது. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது.

வீட்டுக் கொல்லையில் வளர்ப்பதற்கென்று ஆய்வு நிலையங்கள் உருவாக்கிய மேம்பட்ட இனங்கள் உண்டு. ஹைதராபாத்தில் உருவான வனராஜா, கிராமப்ரியா போன்றவை நாட்டுக்கோழியைவிட அதிக முட்டையிடும், சீக்கிரம் எடை கூடும். ஆனால் அவற்றிடம் அடை குணம் இல்லை, அல்லது மிகக் குறைவு. நான்கு வனராஜாப் பெட்டைகள் வைத்திருப்பவள், அவை முடிந்ததும் மறுபடி குஞ்சு வாங்கப் போக வேண்டும். விதைநெல் விஷயத்தில் நாம் விவாதித்துப் பழகிய அதே கேள்விதான் இது. விளைச்சல் யாருடையது என்பதை எல்லோரும் கேட்கிறோம். அடுத்த விளைச்சலைத் தொடங்கும் உரிமை யாருடையது என்பதைக் குறைவாகவே கேட்கிறோம். அடைக்கோழி வைத்திருந்தவளிடம் அந்த உரிமை இருந்தது. வாரத்துக்கு வாங்கியவளுக்கும் பாதி இருந்தது. வளர்ப்புக் கூலி பெறுபவரிடம் அது துளியும் இல்லை.

சிறுவிடை அழிந்துவிடவில்லை. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் கோழியினங்கள் 85 கோடிக்குச் சற்று மேல்; தமிழ்நாடு 12 கோடியோடு முதலிடம். முந்தைய கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் பண்ணைக் கோழிகள் ஏறத்தாழ 4.5 சதவீதமே கூடியிருக்க, வீட்டுக்கோழிகள் 46 சதவீதம் அளவுக்குக் கூடியிருந்தன. பலரும் எதிர்பாராத எண் இது. நாட்டுக்கோழிக் கறிக்கு இப்போது கிடைக்கும் விலையும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். விலை கூடியதும், நாட்டுக்கோழி முட்டையையும் எந்திரத்தில் வைத்துப் பொரித்துக் குஞ்சாக விற்கும் பண்ணைகள் பெருகின. அங்கேயும் அடை ஒரு தடைதான். அங்கேயும் அடைக்கு வராத பெட்டையே விரும்பப்படும். நாட்டுக்கோழி என்ற பெயர் நிலைத்து, அதன் தலையாய குணம் சில தலைமுறைகளில் கரைந்துவிட வாய்ப்பிருக்கிறது.

கணக்கெடுப்புப் படிவத்தில் நாட்டினம், மேம்பட்ட இனம், சேவல், பெட்டை என்று கட்டங்கள் இருக்கின்றன. அடைக்கு வருமா என்று கேட்கும் கட்டம் இல்லை. ஆனால் கோழி வாங்கச் சந்தைக்கு வரும் கிழவிகள் இன்றும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.